நியூஜெர்சியில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்களா? எந்த மேசையில் எதைக் கேட்பது என்று ஒரு வழிகாட்டி

வேலை விசாவில் வந்து இறங்கிய முதல் மாதம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் ஓடும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பேங்க் கணக்கு, பழைய கார் ஒன்று, வீடு. இதற்கு நடுவே யாராவது ஒரு நண்பர், "வீடு பார்க்கும்போது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பாத்து எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எது நல்ல டிஸ்ட்ரிக்ட் என்று பெயர் சொல்வாரே தவிர, டிஸ்ட்ரிக்ட் என்றால் என்ன, அதை யார் நடத்துகிறார்கள் என்று சொல்ல மாட்டார். பாதிப் பேருக்கு அவர்களுக்கே தெரியாது என்பதுதான் உண்மை. எனக்கும் வந்து மூன்று வருடம் வரை தெரியாது.

டிஸ்ட்ரிக்ட் என்றதும் என் மனதில் வந்தது செங்கல்பட்டு மாவட்டம் மாதிரி ஒரு பெரிய பரப்பு, கலெக்டர் ஆபீஸ், முதன்மைக் கல்வி அலுவலர். இங்கே அது அப்படியே தலைகீழ், ஊரின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்குத்தான் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். நியூஜெர்சி தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், அதற்குள் 564 நகராட்சிகள், கிட்டத்தட்ட 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள். பெரும்பாலான ஊர்களுக்குத் தனித்தனி டிஸ்ட்ரிக்ட். கிரான்பரி என்று ஒரு சின்ன ஊர், பிரின்ஸ்டன் பக்கத்தில். அந்த டிஸ்ட்ரிக்டுக்கு மொத்தமே ஒரு பள்ளிதான், எட்டாம் வகுப்பு வரை. அந்த ஒரு பள்ளிக்கென்று ஒரு போர்டு (பள்ளிகளை மேற்பார்க்கும் ஊர்க்காரர்கள் குழு), ஒரு சூப்பரின்டெண்ட் (தலைமை நிர்வாகி), ஒரு பட்ஜெட். ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பிள்ளைகள் பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்குப் போகிறார்கள், அதற்கான கட்டணத்தை கிரான்பரி போர்டு பிரின்ஸ்டன் போர்டுக்குக் கட்டுகிறது. அதனால் பிரின்ஸ்டன் போர்டில் ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த ஒன்பது பேரோடு பத்தாவதாக ஒரு கிரான்பரி பிரதிநிதியும் உட்காருகிறார். இதற்கு நேர் எதிர் உதாரணம் வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ. இரண்டு டவுன்ஷிப்கள், அதாவது நகராட்சிகள், ஒன்று மெர்சர் கவுண்டியில் (கவுண்டி என்பதுதான் நம் மாவட்டம் மாதிரி), இன்னொன்று மிடில்செக்ஸ் கவுண்டியில், ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிஸ்ட்ரிக்ட்.

ஆக, மாநிலத் தலைநகர் டிரென்டனில் உட்கார்ந்திருப்பவர்கள் பாடத் தரம், ஆசிரியர் உரிமம், நிதி விதிகள் இவற்றை வகுப்பார்கள். ஆசிரியரை வேலைக்கு எடுப்பது, பஸ் விடுவது, கணக்குப் பாடத்தை எந்தப் புத்தகத்தில் நடத்துவது, தீபாவளிக்கு லீவு விடுவதா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் ஊர் போர்டு. தேர்வு வாரியம் தேர்வு வைத்து, கவுன்சலிங்கில் ஆசிரியருக்கு ஊர் ஒதுக்கும் நம் ஏற்பாட்டை மறந்துவிட்டுப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

முதல் வேலை: தபால் முகவரியை நம்பாதீர்கள்

வீடு எடுக்கும் முன்பு செய்ய வேண்டியது இது. தபால் நிலையத்தின் ஊர்ப் பெயரும் டவுன்ஷிப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முகவரியில் "பிரின்ஸ்டன்", பின்கோடு 08540 என்று இருக்கும், ஆனால் வீடு பிளெயின்ஸ்பரோவிலோ, வெஸ்ட் விண்ட்சரிலோ, சவுத் பிரன்ஸ்விக்கிலோ, லாரன்ஸிலோ இருக்கும். "பிரின்ஸ்டன் ஜங்ஷன்" என்பது வெஸ்ட் விண்ட்சர். கெண்டல் பார்க், டேட்டன், மன்மத் ஜங்ஷன் மூன்றும் சவுத் பிரன்ஸ்விக். ஓக் ட்ரீ ரோட்டில் மளிகை வாங்கப் போகும்போது எடிசன் எங்கே முடிந்து ஐசலின் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஐசலின் உட்பிரிட்ஜ் டவுன்ஷிப், டிஸ்ட்ரிக்ட் வேறு.

எங்களுக்கு நடந்தது இதுதான். முதல் அபார்ட்மென்ட்டின் லீசிங் ஆபீஸில் ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னார்கள், அதை நம்பி ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். சேர்க்கப் போன இடத்தில் அங்கிருந்த அம்மா முகவரியைப் பார்த்து, "நீங்கள் எங்கள் டவுன் இல்லையே" என்று அமைதியாகச் சொன்னார். நல்லவேளை, பக்கத்து டிஸ்ட்ரிக்டும் நன்றாகவே இருந்தது, இல்லாவிட்டால் வீட்டில் அன்றைக்கு நடந்த பேச்சுவார்த்தை இன்னும் நீண்டிருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "ரெஜிஸ்ட்ராரிடம் பேச வேண்டும்" என்று கேளுங்கள், சேர்க்கையைப் பார்க்கும் அலுவலர் அவர். கதவு எண்ணோடு முழு முகவரியையும் சொல்லி, இது உங்கள் டிஸ்ட்ரிக்டா, இந்த வீட்டுப் பிள்ளை எந்த எலிமெண்டரி, எந்த மிடில் ஸ்கூல் என்று கேளுங்கள். ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள்ளும் தெரு வாரியாகப் பள்ளி மாறும். அந்த எல்லைகளைப் போர்டு சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றி வரையவும் செய்யும், அப்படி ஏதாவது பேச்சு ஓடுகிறதா என்றும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

சேர்க்கை: காகிதங்களும் தடுப்பூசி அட்டையும்

சேர்க்கை பெரும்பாலும் டிஸ்ட்ரிக்டின் மைய அலுவலகத்தில் நடக்கும், பள்ளியில் அல்ல. இணையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு, காகிதங்களோடு நேரம் வாங்கிப் போக வேண்டும். கேட்பது இவ்வளவுதான்: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், நீங்கள் இந்த ஊரில் குடியிருப்பதற்கான ஆதாரங்கள் (வாடகை ஒப்பந்தம், மின்சார பில், பேங்க் கடிதம் போல மூன்று நான்கு), பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல், மருத்துவர் நிரப்பிய உடல் பரிசோதனைப் படிவம், தடுப்பூசிப் பதிவு. விசா நிலை என்ன என்று கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் சொன்ன தீர்ப்பின் விளைவு அது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பொதுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. பிள்ளைக்குச் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லையே என்ற கவலையும் வேண்டாம்.

நண்பர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால், அந்த வீட்டுக்காரர் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழிப் படிவம் ஒன்று உண்டு. ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டால் தருவார். ஆனால் வேறு ஊரில் குடியிருந்துகொண்டு நண்பரின் முகவரியைக் காட்டிச் சேர்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். அதற்கென்று ஆள் வைத்து விசாரிக்கும் டிஸ்ட்ரிக்ட்கள் இருக்கின்றன. பிடிபட்டால் பிள்ளை படித்த ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் கணக்குப் போட்டுக் கேட்கலாம்.

தடுப்பூசிதான் நம் ஆட்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம். ஊரில் அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், இங்கே பள்ளி நர்ஸ் மூன்று இடத்தில் வட்டம் போட்டுத் தருவார். காரணம் இருக்கிறது. இங்கே கேட்பது எம்.எம்.ஆர்., அதாவது தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றும். நம் அரசு மருத்துவமனையில் போடுவது எம்.ஆர்., அதில் புட்டாளம்மை இல்லை. அதோடு, முதல் ஊசி ஒன்பதாவது மாதத்தில் போடப்பட்டிருக்கும், முதல் பிறந்தநாளுக்கு முன்பு போட்டதை இங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள். அடுத்தது சின்னம்மை ஊசி. அது அரசுத் திட்டத்தில் கிடையாது, தனியார் குழந்தை மருத்துவரிடம் போட்டிருந்தால்தான் இருக்கும். டி.பி.டி., போலியோ இரண்டிலும் ஒரு தவணையாவது நான்கு வயது முடிந்த பிறகு போட்டிருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த ஐந்து வயது ஊசியைப் போட்டீர்களா என்று பாருங்கள், பலர் தவறவிடுவது அதைத்தான். ஆறாம் வகுப்பு முதல் டி-டேப் (டி.பி.டி.யின் பெரிய பிள்ளைகளுக்கான பூஸ்டர்), மெனிஞ்சைடிஸ் ஊசி இரண்டும் கூடுதல்.

காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் கையில் குத்திப் பார்க்கும் சோதனை சில சமயம் வீங்கி, "பாசிட்டிவ்" என்று வந்து, எக்ஸ்ரே அது இது என்று இழுக்கும். ரத்தப் பரிசோதனையாக எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேளுங்கள், அதை பி.சி.ஜி. குழப்பாது. எல்லா ஊசியும் உடனே முடியாவிட்டாலும் பரவாயில்லை, வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பதிவுகளைக் கொண்டுவர 30 நாள் அவகாசம் உண்டு, பாக்கி ஊசிகளை இடைவெளி விட்டுப் போட்டுக்கொண்டே பள்ளிக்குப் போகலாம். ஊரிலிருந்து கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் தேதி வாரியாக ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, முத்திரையோடு வாங்கி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "யு.எஸ். போறோம் டாக்டர்" என்றால் அவருக்கே தெரியும்.

எந்த வகுப்பு, என்ன பாடம்

வகுப்பை வயதை வைத்துத்தான் போடுவார்கள். கிண்டர்கார்டனுக்குப் பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்கள் வைத்திருக்கும் கணக்கு, அக்டோபர் 1-க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது. ஊரில் யு.கே.ஜி. முடித்துவிட்டாள், நேராக ஒன்றாம் வகுப்பு போடுங்கள் என்று வாதாடாதீர்கள், பலன் இருக்காது, இருந்தாலும் நல்லதல்ல. ஹைஸ்கூல் வயதுப் பிள்ளை என்றால் விஷயம் கொஞ்சம் தீவிரம். ஹைஸ்கூலை முடித்துப் பட்டயம் பெற மாநில அளவில் குறைந்தது 120 கிரெடிட் (படித்து முடித்த பாடங்களுக்குத் தரும் புள்ளிகள்) வேண்டும், ஊரில் படித்த ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடங்களுக்கு எவ்வளவு கிரெடிட் தருவார்கள் என்பதை கைடன்ஸ் கவுன்சலர் தீர்மானிப்பார். ஆகவே மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்டத்தின் நகலும் கையில் இருக்கட்டும்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத்தில் ஒரு தேர்வு வைத்து, தேவைப்பட்டால் இ.எஸ்.எல்., அதாவது வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பில் போடுவார்கள். இதைக் கேள்விப்பட்டுப் பல பெற்றோர் "ஆங்கிலம்" என்று எழுதிவிடுகிறார்கள், ஏதோ பிள்ளையைத் தாழ்த்திவிட்டதுபோல ஒரு பயம். தேவையில்லை. சின்னக் குழுவில் தனியாக ஒரு ஆசிரியர் உட்கார்ந்து சொல்லித்தருவதைக் காசு கொடுத்தால்கூட வாங்க முடியாது. தேர்ச்சி வந்ததும் வெளியே வந்துவிடுவார்கள். கேட்டால் தமிழ் என்று எழுதுங்கள், அதில் என்ன வெட்கம்.

கணக்கு விஷயம் ஒரு தனிக் கதை. எந்த வகுப்பில் முடுக்கப்பட்ட கணக்குப் பிரிவு (மேல் வகுப்புக் கணக்கை முன்கூட்டியே நடத்தும் பிரிவு) தொடங்குகிறது, அதில் சேர என்ன தேர்வு என்பது டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும், நம்மவர்கள் கூடும் பிறந்தநாள் விருந்துகளில் பிரியாணிக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது இதுதான். 2015-ல் வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோவில் சூப்பரின்டெண்டாக இருந்த டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். பிள்ளைகளின் மன அழுத்தம் கவலைப்படும் அளவுக்குப் போய்விட்டது என்று சொல்லி, ஹைஸ்கூலில் மிட்டெர்ம், ஃபைனல் தேர்வுகளை நீக்கினார், வீட்டுப்பாடம் இல்லாத இரவுகளை அறிவித்தார், நான்காம் வகுப்பில் தொடங்கிய முடுக்கப்பட்ட கணக்கைத் தள்ளிவைத்தார். ஊரே இரண்டாகப் பிரிந்தது, ஆசியப் பெற்றோரில் பலர் எதிர்த்தார்கள், செய்தி நாடு முழுக்கப் போனது. யார் பக்கம் சரி என்பதில் எனக்கே இன்னும் இரண்டு மனம். ஆனால் இப்படிப்பட்ட ஒரு முடிவு டிரென்டனில் எடுக்கப்படவில்லை, பக்கத்துத் தெருக்காரர் உட்காரும் போர்டு மேற்பார்க்கும் ஒரு அலுவலகத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

யார் என்ன செய்வார்

இதைப் படிப்பதற்குத்தான் மேலே அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தேன்.

உச்சியில் போர்டு ஆஃப் எஜுகேஷன். சாதாரணமாக ஒன்பது பேர், மூன்று வருடப் பதவி, வருடத்துக்கு மூன்று இடங்களுக்குத் தேர்தல் வரும். சம்பளம் கிடையாது, ஒரு டாலர்கூடக் கிடையாது. கட்சிச் சின்னமும் கிடையாது. பல் மருத்துவர், ஐ.டி. மேனேஜர், ஓய்வுபெற்ற ஆசிரியை, வீட்டில் இருக்கும் அம்மா என்று ஊர்க்காரர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். சில பெரிய நகரங்களில் மேயர் நியமிக்கும் போர்டும் உண்டு, புறநகரில் அது அபூர்வம்.

போர்டு ஒருவரை நியமிக்கும், அவர் சூப்பரின்டெண்ட். டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகி அவர்தான். போர்டுக் கூட்டத்தில் அவரும் மேசையில் உட்காருவார், ஓட்டு மட்டும் கிடையாது. ஆசிரியர் நியமனத்தை அவர் பரிந்துரைத்தால்தான் போர்டு ஓட்டுப் போட முடியும், போர்டு உறுப்பினர் தன் மச்சானைக் கொண்டுவந்து உட்கார வைக்க முடியாது. பணம், கட்டடம், ஒப்பந்தம், பஸ் இவற்றைப் பார்ப்பவர் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், பெரும்பாலும் போர்டு செக்ரெட்டரியும் அவரே. அதற்குக் கீழே பாடப்பிரிவு சூப்பர்வைசர்கள், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பிரின்சிபல்.

புதியவர்கள் செய்யும் தவறு, நான் செய்ததும் அதுவே, நேராக மேலே போவது. எங்கள் பஸ் ஸ்டாப் ஒரு திருப்பத்தில், நடைபாதை இல்லாத இடத்தில் இருந்தது. போர்டு உறுப்பினர்கள் எல்லாருக்கும் நீளமாக ஒரு மெயில் எழுதினேன். ஒரே ஒருவர் இரண்டு வரியில் பதில் போட்டார்: தனி உறுப்பினராக என்னால் அலுவலர்களுக்கு உத்தரவு போட முடியாது, டிரான்ஸ்போர்ட்டேஷன் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்னது சட்டம். போர்டு உறுப்பினருக்கு அதிகாரம் கூட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஓட்டுப் போடும்போது மட்டும்தான், தனியாகப் போய் ஒரு பிரின்சிபலிடம் "இதைச் செய்" என்றால் நெறிமுறைச் சட்டப்படி அவர்மேலேயே புகார் வரும். சரி என்று டிரான்ஸ்போர்ட்டேஷன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். படத்தோடு மெயில் கேட்டார்கள், இரண்டு வாரத்தில் ஸ்டாப்பை நூறு அடி தள்ளிப் போட்டார்கள்.

எனவே வகுப்பறை விஷயம் என்றால் முதலில் ஆசிரியர். தீரவில்லை என்றால் கவுன்சலர் அல்லது பிரின்சிபல், அப்புறம் பாடப்பிரிவு சூப்பர்வைசர், அப்புறம் சூப்பரின்டெண்ட் அலுவலகம், கடைசியில் போர்டு. ஒவ்வொரு படியிலும் மெயிலில் எழுதுங்கள், போனில் பேசினாலும் "இன்று பேசியது இது" என்று ஒரு வரி அனுப்பி வையுங்கள்.

இந்த வரிசைக்குச் சில விலக்குகள் உண்டு. பிள்ளையை யாராவது தொடர்ந்து கேலி செய்கிறார்கள், நிறம், மதம், உச்சரிப்பு, சாப்பாட்டு டப்பா எதைச் சொல்லியாவது, என்றால் அது வெறும் புகார் அல்ல. 2011-லிருந்து நடைமுறையில் இருக்கும் ஒரு மாநிலச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கென்று ஒரு அலுவலர் இருக்கிறார், எழுத்துப் புகார் வந்தால் பத்துப் பள்ளி நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். "எச்.ஐ.பி. புகார் கொடுக்கிறேன்" என்று அந்தச் சொல்லையே (ஹராஸ்மென்ட், இன்டிமிடேஷன், புல்லியிங் என்பதன் சுருக்கம்) பயன்படுத்தி எழுதுங்கள், வேகம் கூடும். அதேபோல, பிள்ளைக்குப் பேச்சிலோ கற்றலிலோ கவனத்திலோ சிரமம் இருக்கிறது என்று தோன்றினால், "சைல்ட் ஸ்டடி டீம் மதிப்பீடு வேண்டும்" என்று தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள், பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி உதவி தேவையா என்று பார்க்கும் குழு அது. வாய்வார்த்தையாகக் கேட்டால் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்பார்கள். எழுத்தில் கொடுத்தால் 20 நாளுக்குள் உங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்தியாக வேண்டும். நம் வீடுகளில் இதை வெளியே சொல்லத் தயங்கி இரண்டு மூன்று வருடம் வீணாக்குவதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து தயங்காதீர்கள். இதற்கெல்லாம் காசு கிடையாது.

பஸ்ஸுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை இரண்டு மைலுக்கு மேல், ஹைஸ்கூலுக்கு இரண்டரை மைலுக்கு மேல் தூரம் இருந்தால் டிஸ்ட்ரிக்ட் பஸ் விட்டாக வேண்டும். அதற்குள் இருந்தால் ஊரின் விருப்பம். பாதை ஆபத்தானது என்று இலவசமாகப் பஸ் விடும் ஊர்களும் உண்டு, வருடக் கட்டணம் வாங்கிக்கொண்டு விடும் ஊர்களும் உண்டு, கண்டுகொள்ளாத ஊர்களும் உண்டு. வீடு எடுக்கும்போது இதையும் கேளுங்கள்.

காசு எங்கிருந்து வருகிறது

வீடு வாங்கினவர்களுக்கு இது தன்னால் புரிந்துவிடும். நியூஜெர்சியில் சராசரி வீட்டு வரி 2024-ல் வருடத்துக்கு 10,000 டாலரைத் தாண்டியது, அதில் ஏறக்குறைய பாதி பள்ளிக்குப் போகிறது. வரிச் சீட்டில் கவுண்டி, நகராட்சி, பள்ளி என்று தனித்தனி வரியாக எழுதியிருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள் "நாம் கட்டவில்லையே" என்று நினைக்க வேண்டாம், வீட்டுக்காரர் அதை உங்கள் வாடகையில்தான் ஏற்றியிருக்கிறார். மாநில அரசின் உதவித்தொகையும் வரும், 2008-ல் கொண்டுவந்த ஒரு சூத்திரப்படி. வசதியான புறநகர்களுக்கு அது கம்மி, வரிதான் பிரதானம்.

2010-ல் போட்ட சட்டப்படி இந்த வரித் தொகையை ஒரு டிஸ்ட்ரிக்ட் வருடத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற முடியாது, பிள்ளைகள் எண்ணிக்கை கூடுவது, மருத்துவக் காப்பீட்டுச் செலவு போன்ற சில விலக்குகள் தவிர. ஆனால் சம்பளமும் காப்பீடும் டீசலும் 2 விழுக்காட்டோடு நிற்பதில்லை. அதனால்தான் வசந்த காலத்தில் திடீரென்று நூலகரை நீக்கப் போகிறார்கள், இசை ஆசிரியரைக் குறைக்கப் போகிறார்கள், கர்ட்டஸி பஸ்ஸை (கட்டாயம் இல்லாமல் ஊர் விடும் பஸ்) நிறுத்தப் போகிறார்கள் என்று ஊர் பரபரக்கும். அது வருடா வருடம் வரும் பருவம், பயப்பட வேண்டாம், ஆனால் தேதிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும். பிப்ரவரி கடைசியில் கவர்னரின் பட்ஜெட் உரை வரும், அதைத் தொடர்ந்து எந்த ஊருக்கு எவ்வளவு உதவி என்ற பட்டியல். மார்ச்சில் போர்டு முன்வரைவை ஒப்புக்கொள்ளும். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தில் பொது விசாரணை, அன்றைக்கே இறுதி ஓட்டு. மே மாதம் போய்க் கத்தினால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம், மார்ச்சுக்கு முன்பு பேசினால் காதில் விழும்.

புதுக் கட்டடம் கட்ட வேண்டும் என்றால் மட்டும் கடன் பத்திரத்துக்கு ஊர் முழுக்க ஓட்டெடுப்பு நடக்கும். தகுதியுள்ள செலவில் குறைந்தது 40 விழுக்காட்டுக்கான கடன் தவணையை மாநிலம் ஏற்றுக்கொள்ளும் என்பதை வைத்துத்தான் போர்டு உங்களைச் சம்மதிக்கச் சொல்லும்.

கூட்டத்துக்குப் போவது

மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ கூட்டம், மாலை ஏழு மணி வாக்கில், பெரும்பாலும் ஹைஸ்கூலிலோ டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்திலோ. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், 1975-ல் இயற்றிய சட்டம் ஒன்று அதை உறுதி செய்கிறது. அஜெண்டா முன்கூட்டியே இணையத்தில் வந்துவிடும், அதைப் படித்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் "கன்சென்ட் அஜெண்டா" என்று சொல்லி முப்பது தீர்மானங்களை நாற்பது விநாடியில் நிறைவேற்றும்போது என்ன நடக்கிறது என்றே தெரியாது. இடையில் எல்லாரும் எழுந்து உள்ளே போவார்கள். அது மூடிய அமர்வு, பணியாளர், வழக்கு, தனிப்பட்ட மாணவர் விஷயங்களுக்காக. சதி எதுவும் இல்லை.

ஓட்டுப் போடுவதற்கும் போட்டியிடுவதற்கும் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. ஆனால் பொதுமக்கள் பேசும் நேரத்தில் மைக்கைப் பிடிக்கக் குடியுரிமை தேவையில்லை. பெயரும் ஊரும் சொல்ல வேண்டும், பெரும்பாலும் மூன்று நிமிடம், எதிரே டைமர் ஓடும். போர்டு அங்கேயே பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல, முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள், அதற்காக மனம் நோகாதீர்கள், குறித்துக்கொள்கிறார்கள். எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். ஆசிரியர் பெயரையோ வேறு பிள்ளையின் பெயரையோ சொல்லாதீர்கள், தலைவர் உடனே நிறுத்திவிடுவார். நான் முதல் தடவை பேசியபோது நன்றி சொல்லியே முக்கால் நிமிடம் போய்விட்டது.

கூட்டம் வேண்டாம், தகவல் மட்டும் போதும் என்றால், ஒப்பந்தம், செலவு, சம்பளம் எதுவானாலும் ஓப்ரா என்ற தகவல் உரிமைச் சட்டத்தில் படிவம் போடுங்கள், ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நம் ஊர் ஆர்.டி.ஐ. மாதிரிதான். தேர்தல் இப்போது மிகப் பெரும்பாலான ஊர்களில் நவம்பரில், ஜனவரி முதல் வாரத்தில் புதியவர்கள் உறுதிமொழி எடுப்பார்கள். மத்திய நியூஜெர்சி போர்டுகள் பலவற்றில் இந்திய முகங்களைப் பார்க்கலாம்.

அப்புறம் பள்ளிக் காலண்டர். அதுவும் போர்டு ஓட்டுப் போட்டு நிறைவேற்றுவதுதான், பெரும்பாலும் குளிர்காலத்திலேயே அடுத்த வருடத்துக்கானது முடிவாகிவிடும். பல ஊர்களில் இன்று தீபாவளிக்கு விடுமுறை இருக்கிறதென்றால், பெற்றோர் அந்தந்த வருடம் போய் வரிசையில் நின்று பேசியதால் வந்தது. பொங்கல் அன்றைக்கு எங்கள் ஊரில் வழக்கம்போல பள்ளி உண்டு. ஜனவரி மூன்றாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள் என்பதால், அந்த நீண்ட வாரக்கடைசியில் பானையை ஏற்றுகிறோம். வருடத்துக்கு 180 பள்ளி நாட்கள். அதில் 10 விழுக்காடு, அதாவது 18 நாள் போகாவிட்டால் "தொடர் விடுப்பு" என்று பதிவாகும், ஊரில் அத்தை மகன் கல்யாணம் என்ற காரணத்தை மன்னிக்கப்பட்ட விடுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீண்ட நாள் போனால் பெயரையே எடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் மறுபடி முதலிலிருந்து சேரச் சொல்லும் டிஸ்ட்ரிக்ட்களும் உண்டு. ஆகவே டிசம்பருக்குச் சென்னை டிக்கெட் மலிவாக வந்திருக்கிறது என்று மெயில் வந்தால், முதலில் காலண்டரைத் திறந்து கிறிஸ்துமஸ் விடுமுறை என்றைக்கு ஆரம்பிக்கிறது என்று பார்த்துவிட்டு, முன்னும் பின்னும் எத்தனை நாள் அடிபடும் என்று எண்ணிவிட்டு, பள்ளி அலுவலகத்துக்கு ஒரு மெயில் எழுதிவிட்டு, அதற்கப்புறம் டிக்கெட் போடுங்கள்.